மணி பன்னிரண்டுக்குத் திரும்பிய வண்டி

ஒரகடம் கூட்ரோடு – 17

போன வாரம் கம்பெனி பஸ்களைப் பற்றி எழுதினேன். பஸ்ஸை நம்பாதவர்களும் இங்கே நிறைய உண்டு. நைட் ஷிப்ட் விடுகிற நேரத்தில் கூட்ரோடு மேம்பாலத்துக்கு அடியில் நின்றால் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், வாலாஜாபாத் பக்கம் என்று பைக்குகள் பிரிந்துகொண்டே இருக்கும். ஹெல்மெட்டுக்குள் பாதித் தூக்கம். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிற வண்டி.

ஐப்பசி மழை இரவெல்லாம் அடித்து ஓய்ந்த ஒரு காலையில் அப்படி ஒரு வண்டி டோவில் வந்துகொண்டிருந்தது. டோ என்றால் கயிறு கட்டி இழுப்பது அல்ல. பின்னால் வரும் நண்பன் தன் பைக்கில் உட்கார்ந்தபடி இடது காலை நீட்டி, முன் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் வைத்துத் தள்ளிக்கொண்டே வருவான். போலீஸ் பார்த்தால் திட்டும். ஆனால் தமிழ்நாட்டில் நின்றுபோன வண்டிகளில் பாதி இப்படித்தான் மெக்கானிக் கடைக்குப் போய்ச் சேர்கிறது. வல்லக்கோட்டை ரோட்டில் நான் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு அடுத்த மெக்கானிக் கடையில் அந்த வண்டி வந்து நின்றது.

"பேட்டரி போச்சுண்ணே. புதுசுதான் போடணும்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

"ரூம் பக்கத்துல ஒரு கடைல. நேத்தே கொஞ்சம் முரண்டு பண்ணுச்சு."

"மீட்டர் வச்சுப் பாத்தாங்களா?"

"ஹார்ன் அடிச்சுப் பாத்தாங்க."

மெக்கானிக் அண்ணன் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பினார். மீட்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தது. செல்ஃபை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம், எல்லாம் அணைந்தது. கையை எடுத்ததும் விளக்கு திரும்ப வந்தது. டிஜிட்டல் மீட்டரில் இருந்த கடிகாரம் மட்டும் 12:00 என்று புதிதாகப் பிறந்திருந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீட்டைக் கழற்றி மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியின் இரண்டு ஈய முனைகளிலும் வைத்தார்: 12.6. நல்ல பேட்டரி. வண்டிக்காரப் பையனைச் செல்ஃப் அழுத்தச் சொன்னார். மீட்டர் அப்படியே 12.5-இல் நின்றது. செத்த பேட்டரியாக இருந்திருந்தால் அந்த நொடியில் எட்டுக்கோ ஆறுக்கோ சரிந்திருக்கும். அடுத்து அவர் செய்ததைத்தான் ஹார்ன் அடித்துப் பார்ப்பவர்கள் செய்வதில்லை. ஒரு முனையை நெகட்டிவ் ஈயத்தின் மேல் வைத்தார். இன்னொன்றை அதே இடத்தில் முடுக்கியிருந்த ஒயரின் வளையத்தின் மேல் வைத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசி அகலம் இருந்தால் அதிகம். அங்கே காட்ட வேண்டியது பூஜ்ஜியம். "அழுத்து" என்றார். 9.4 என்று காட்டியது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மேல்தொட்டி நிரம்பியிருக்கிறது, வால்வு முக்கால்வாசி அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பிடிக்கும்வரை எதுவும் தெரியாது. மீட்டர் விளக்கும் ஹார்னும் டம்ளர் கணக்கு. செல்ஃப் மோட்டார் ஒரே மூச்சில் பல பத்து ஆம்பியர் கேட்கிற அண்டா. அது கேட்ட கணத்தில் பேட்டரியின் வலுவெல்லாம் அந்த அரிசி அகலத்திலேயே செலவாகிவிடுகிறது. மோட்டாருக்கும் மற்ற எதற்கும் மிச்சமில்லை. கடிகாரம் நினைவு தப்பியது அதனால்தான்.

ஸ்குரூவைத் தொட்டதும் ஆடியது. பைக் பேட்டரியில் ஈய முனைக்குள் ஒரு சதுர நட் சும்மா செருகித்தான் இருக்கும். அது கீழே இறங்கிவிட்டால் ஸ்குரூ ஒன்றிரண்டு மரையில் மட்டும் கவ்வும். மேலே பார்க்க முடுக்கியது போலத்தான் தெரியும். வளையத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டி நட்டுக்கு அடியில் கொடுத்து அதை மேலே நிறுத்தினார். முடுக்கிவிட்டு வாஸ்லின் தடவினார்.

பையன் கார் கம்பெனி ஒன்றில் கதவுக்கு ரப்பர் பீடிங் மாட்டுகிற லைனில் வேலை செய்கிறான். வண்டி செய்கிற ஊரில் இருந்துகொண்டு வண்டி தெரியவில்லையே என்று கேலி செய்வது சுலபம். நானும் இந்தத் தொடரின் தொடக்கத்தில் அப்படி ஒரு வரி எழுதினேன், இப்போது பிடிக்கவில்லை. லைனில் ஒரு கதவு கையில் இருப்பது ஒரு நிமிடமோ என்னவோ. அந்த நிமிடத்தில் பேட்டரி வராது.

அண்ணன் வேறு காலத்தில் தொழில் கற்றவர். அவர் குருவின் பட்டறையில் புல்லட் மட்டும்தான். 1955-இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் உருவாகிவந்த வண்டி அது. ராயல் என்ஃபீல்ட் இங்கே ஒரகடத்துக்கு 2013-லும் வல்லம் வடகாலுக்கு 2017-லும் வந்தது. பழைய புல்லட்டின் ஹெட்லைட் மண்டையில் ஒரு சின்ன அம்மீட்டர் இருக்கும். அதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அண்ணனுக்கு அது நாடி.

சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல மிதித்தால் முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் என்கிற சுவிட்ச் மூடியிருக்கிறது, இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். இன்னும் மிதித்தால் முள் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே நிறுத்தி, இடது கையில் டீகம்ப்ரஷரைப் பிடித்து, ஒரு நூல் அளவு தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து முழு மூச்சாக ஓர் உதை. முள் அசையவே இல்லையென்றால் பாயிண்டில் அழுக்கு, இல்லை எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. எப்படி மிதித்தாலும் மைனஸிலேயே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, இல்லை ஷார்ட். "முள்ளு சொல்லிடும்பா, நாமதான் கேக்கணும்" என்றார்.

இப்போது முள்ளும் இல்லை, உதைக்கக் கிக்கரும் இல்லை. 2020 நவம்பரில் வந்த மீட்டியோர் 350-இல் கிக்கர் கிடையாது. 2021-இல் வந்த புது கிளாசிக் 350-லும் எடுத்துவிட்டார்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் பழைய மாதிரி எடுபடாது. கார்ப்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் தானாக இறங்கும். ஃப்யூயல் இன்ஜெக்ஷனில் பம்ப்பும் கம்ப்யூட்டர் பெட்டியும் விழித்தால்தான் பெட்ரோல். இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். சாவி போட்டதும் டேங்க்குக்குள் இரண்டு மூன்று நொடி 'ஙீ' என்று ஒரு முனகல் கேட்கும், அதுதான் பம்ப். அது கேட்காவிட்டால் தள்ளி மூச்சு வாங்குவதற்கு முன் ஃபியூஸைப் பார்க்கலாம். அதற்கும் முன் கில் சுவிட்ச். நானே ஒரு முறை கில் சுவிட்ச் ஆஃபில் இருந்த வண்டியை மாத்தூர்வரை தள்ளியிருக்கிறேன்.

இந்தக் கதையில் மீட்டருக்குச் சிக்காத வியாதியும் உண்டு. அது இந்த மண்ணிலேயே பெரிதாக வெளிப்பட்டது. 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்நாடு முழு ஊரடங்கில் இருந்தபோது, ராயல் என்ஃபீல்ட் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மீட்டியோர், கிளாசிக், புல்லட் என்று மூன்று 350-களும் அதில் இருந்தன. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை செய்தவை, இந்தியாவிலும் தாய்லாந்து, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் விற்றவை. வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய இக்னிஷன் காயிலில் குறை. மிஸ்ஃபயர் ஆகலாம், இழுவை குறையலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்கூட ஆகலாம் என்று நிறுவனமே அறிவித்தது. அழைத்தவற்றில் 10 சதவீதத்துக்கும் குறைவானவற்றுக்குத்தான் பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்றும் கணித்தது. எந்த வண்டி என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் அத்தனை பேரையும் கூப்பிட வேண்டியிருந்தது.

காயிலின் குணம் அப்படி. உள்ளே தடித்த கம்பிச் சுற்று ஒன்று, முடியை விட மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஒன்று. தடித்த சுற்றில் ஓடும் 12 வோல்ட் கரண்ட்டைச் சட்டென்று வெட்டினால் மெல்லிய சுற்றில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி, பிளக் முனையில் பொறியாகத் தாவும். மெல்லிய சுற்றுக்குப் போர்வையாக இருக்கும் இன்சுலேஷன் ஓரிடத்தில் பலவீனமாக இருந்தால், காலைக் குளிரில் வண்டி ஒழுங்காகக் கிளம்பும். முக்கால் மணி நேரம் ஓடிச் சூடானதும் பொறி உள்ளேயே வேறு வழியில் தாவிவிடும். ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்து வந்தால் மறுபடி ஓடும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஆறிப்போய் நல்ல பிள்ளையாக நிற்கும். "காயில் கேஸ்னா நான் மீட்டர தொடமாட்டேன்" என்றார் அண்ணன். "நல்ல காயில் ஒண்ணு வச்சிருக்கேன். அதப் போட்டு ஒரு நாள் ஓட்டிட்டு வான்னுடுவேன்."

செல்ஃபை அழுத்தினார். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஓடும்போது பேட்டரியில் 14-ஐத் தொட்டது மீட்டர். சார்ஜும் ஏறுகிறது. கூலி என்று அவர் கேட்ட தொகையைப் பையன் நம்பவில்லை, இரண்டு முறை கேட்டான்.

"மணிய வச்சுக்கப்பா, தப்பா ஓடுது."

கடிகாரம் 12:31 காட்டியது. வெளியே எட்டு மணி வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"தூங்கி எந்திரிச்சு வச்சுக்கறேண்ணே" என்று சொல்லிவிட்டு, டோ கொடுத்த நண்பனைப் பின்னால் தேடிக்கொண்டே கிளம்பினான்.

(தொடரும்)