நாவறியும் சொற்கள்

மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டி, பெயருக்கேற்ப மாடுகளால் அறியப்படும் ஊர். இந்திய–சுவிட்சர்லாந்து கூட்டுத் திட்டத்தின்கீழ் 1963-இல் இங்குக் கால்நடைப் பண்ணை அமைந்தது. பண்ணையையும் அணையையும் சூழ்ந்திருப்பவை தேயிலைத் தோட்டங்கள். அவற்றில் உழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் தம் மொழியோடு கருவாட்டுக் குழம்பையும் மலையேற்றி வந்தன.

அக்குழம்பில் உப்பு, புளிப்பு, காரம் ஆகியவற்றைத் தாண்டி ஒரு சுவை நாவில் நெடுநேரம் தங்குகிறது. தமிழர் வகுத்த அறுசுவையுள் அடங்காத அச்சுவை எது?

1908-இல் ஜப்பானிய வேதியியலறிஞர் கிக்குனே இக்கேடா, கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். சாற்றின் சுவைக்கு அதுவே காரணம் எனக் கண்டு, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். 1913-இல் அவர் மாணவர் சின்டாரோ கோடாமா, புகையிட்டு உலர்த்திய சூரை மீனில் இனோசினேட் என்னும் மற்றொரு சுவைப்பொருளைக் கண்டறிந்தார்.

புரதத்தை ஒரு நூலாகக் கருதலாம். தமிழின் முதலெழுத்துகள் முப்பது. புரதத்தின் எழுத்துகளாகிய அமினோ அமிலங்கள் இருபது. எழுத்துகள் சில சேர்ந்து சொல்லாவதுபோல், அமினோ அமிலங்கள் சில இணைந்து பெப்டைடு ஆகின்றன. மிக நீண்ட தொடரே புரதம். முழுநூலை நாவால் படிக்க இயலாது; ஆகவே பெரும்பாலான புரதங்களுக்குச் சுவையில்லை. சொல்லாகவும் எழுத்தாகவும் பிரிந்தபின்னரே நா அவற்றை அறிகிறது.

மீனை உப்பிட்டு உலர்த்தும்போது நிகழ்வது இதுவே. தசையிலுள்ள நொதிகள் புரதத்தைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. பெப்டைடுகளும் குளுட்டமேட்டும் வெளிப்படுகின்றன. குழம்பில் சேரும் தக்காளியிலும் குளுட்டமேட் மிகுதி. அது மீனின் இனோசினேட்டோடு கூடும்போது சுவை பன்மடங்காகிறது. பூண்டிலுள்ள குளுட்டதயோன், மூன்று அமினோ அமிலங்களாலான பெப்டைடு. தனக்கெனச் சுவை மிகுதியாக இல்லாவிடினும், பிற சுவைகளுக்கு நிறைவும் நீடிப்பும் தருவது அது.

பெப்டைடுகள் அனைத்தும் இன்சுவை தருவன அல்ல, சில கசக்கும். நெடுநாள் பதப்படுத்திய பாலாடைக்கட்டியில், பாற்புரதம் சிதைவதால் உமாமியும் சிலபோது கசப்பும் தோன்றுகின்றன.

கருவாட்டின் மணம் கண்டு முகம் சுளிப்பார் உளர். உணவுப் பெட்டியைத் திறக்கக் கூசும் பிள்ளைகளும் உளர். பாலாடைக்கட்டியை வியக்கும் உலகம் சுவைப்பதும், தோட்டத்து அடுப்பில் கொதிப்பதும் ஒரே வேதியியலே. பசும்பாலைவிடத் தாய்ப்பாலில் தனிநிலைக் குளுட்டமேட் பன்மடங்கு மிகுதி. அறுசுவையின் பெயர்களைக் கற்குமுன்பே குழந்தையின் நா அறிந்த சுவை இது; இதில் கூசுதற்கு ஒன்றுமில்லை.

அருஞ்சொற்பொருள்
நொதி – உயிர்ப்பொருளில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
கூசுதல் – வெட்கித் தயங்குதல்
உளர் – இருக்கின்றனர்

பயிற்சி
1. புரதம் நூலோடு ஒப்பிடப்படுவது ஏன்?
2. கருவாட்டுக் குழம்பில் தக்காளியும் பூண்டும் ஆற்றும் பணி யாது?
3. உம் வீட்டில் சமைக்கும் ஓர் உணவின் செய்முறையைப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.