பாலை நிறுத்துவதற்கு முன் ஒரு பி12 கணக்கு

சைவ உணவு உண்பவர் நனிசைவத்துக்கு, அதாவது ‘வீகன்’ முறைக்கு மாறுவது எளிது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இறைச்சியும் மீனும் ஏற்கெனவே இல்லை. இனி பால், தயிர், நெய்யை விட்டால் போதும். தே தாரிக்குக்குப் பதில் தே ஓ, பசும்பாலுக்குப் பதில் சோயா பால். கன்றுக்குரிய பாலை நாம் எடுக்கலாமா என்ற கேள்வியில் தொடங்கி இப்படி மாறும் இளையர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அம்மாமார்களின் கவலை பெரும்பாலும் புரதத்தைப் பற்றியது. பருப்பும் டோஃபுவும் தெம்பேயும் கிடைக்கும் நாட்டில் அது அவ்வளவு பெரிய கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது வைட்டமின் பி12 பற்றி.

இந்த வைட்டமினைச் செடிகொடிகள் உருவாக்குவதில்லை. விலங்குகளும் உருவாக்குவதில்லை. சில நுண்ணுயிர்களால் மட்டுமே முடியும். மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், புல்லோடு வரும் கோபால்ட் என்ற உலோகத்தைக் கொண்டு பி12ஐச் செய்கின்றன. அது மாட்டின் ரத்தத்தில் கலந்து பாலுக்கு வருகிறது. நம் பெருங்குடலிலும் அத்தகைய நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால், உடல் பி12ஐ உறிஞ்சுவது அதற்கு முன்னால் உள்ள சிறுகுடலின் கடைசிப் பகுதியில். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிய பிறகு பேருந்தில் ஏறுவதைப் போன்றது அது.

இங்கிலாந்தில் டோனல்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் ‘வீகன்’ சங்கத்தைத் தொடங்கியது 1944 நவம்பரில். பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். ஆக, முதல் வீகன்கள் தங்கள் தட்டில் எது இல்லை என்று தெரியாமலேயே நான்கு ஆண்டுகள் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்று மாறுபவருக்கு அந்த நிலை இல்லை.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 சுமார் 2.4 மைக்ரோகிராம். ஒரு குவளைப் பாலில் ஏறக்குறைய 1.2 மைக்ரோகிராம் இருக்கிறது. முட்டையும் சாப்பிடாத சைவருக்கு, நாள்தோறும் இரண்டு குவளைப் பால் அல்லது அதற்கு ஈடான தயிர் வேண்டும். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு குடிக்கிறோம்? காலைத் தேநீரில் கொஞ்சம், மதியம் சோற்றின் முடிவில் இரண்டு கரண்டி மோர். அதோடு சரி.

“உடம்பில் பல வருடத்துக்கு பி12 இருப்பு இருக்கும், பயப்பட வேண்டாம்” என்று வீகன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுண்டு. கல்லீரல் பி12ஐச் சேமிப்பது உண்மை. ஆனால் அந்த ‘பல வருடம்’ என்பது இறைச்சியும் மீனும் சாப்பிட்டு வளர்ந்தவரின் கல்லீரலுக்கான கணக்கு. பிறந்தது முதல் சைவராக, அளவாகப் பால் குடித்து வாழ்ந்தவரின் இருப்பு முன்பே குறைந்திருக்கலாம். வெள்ளைக்காரருக்குப் போட்ட கணக்கை வைத்து நம்மவர் ஐந்து வருடம் காத்திருப்பது சரியாகாது.

இன்னொன்று: நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு எவ்வளவு பரவலானது என்று சொல்ல வேண்டியதில்லை. மெட்ஃபார்மின் சாப்பிடும் ஐம்பது வயது சைவர் மகளைப் பார்த்துப் பாலையும் நிறுத்தினால், அவருக்கு ஆபத்து மகளைவிட அதிகம்.

குறைபாடு சத்தமில்லாமல் வரும். பாதத்தில் ஊசி குத்துவதுபோல உணர்வு, மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி, ஓயாத சோர்வு. வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். பி12 குறைந்தால் ரத்தசோகை வந்து காட்டிக்கொடுக்கும் என்பதையும் முழுதாக நம்ப முடியாது. ஃபோலிக் அமிலம் நிறையக் கிடைக்கும்போது ரத்தசோகை வெளியே தெரியாமல் போகலாம். நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே இருக்கும். நாள்பட்ட நரம்புச் சேதம் முழுமையாகச் சரியாகாமலும் போகலாம். பி12 எடுக்காத வீகன் தாயின் பாலை மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு வளர்ச்சியே பாதிக்கப்படும். கருவுற்றிருப்பவர்கள் இதில் ஒரு நாளும் அசட்டையாக இருக்கக்கூடாது.

ஸ்பைருலினா மாத்திரை போதும் என்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பி12 போன்ற தோற்றமுடைய, நம் உடலுக்குப் பயன்படாத பொருள். தெம்பேயில் சில வேளை பி12 இருக்கும், சில வேளை இருக்காது. புளித்த தோசைமாவையும் நம்பியிருக்க முடியாது. நம்பக்கூடியவை இரண்டே: பி12 மாத்திரை, பி12 சேர்க்கப்பட்ட உணவு. மாத்திரைப் புட்டியில் 500, 1000 மைக்ரோகிராம் என்று பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு வேளையில் உடல் இயல்பாக உறிஞ்சுவது இரண்டு மைக்ரோகிராம் அளவுதான். அதற்கு மேல் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கே உள்ளே போகும்.

பாலோடு சுண்ணாம்புச் சத்தும் போகிறது. கடைத்தெருவில் அன்றாடம் காய்ச்சி விற்கும் சோயா பாலில் அது மிகக் குறைவு. பெட்டியில் ‘கால்சியம் சேர்க்கப்பட்டது’ என்று அச்சிட்ட பாலை வாங்குங்கள். பசலைக்கீரையில் உள்ள கால்சியம் உடலில் சேர்வது சொற்பம், காய்லான், சாவி கீரைகள் மேல். சீனச் சைவக் கடைகளின் ‘இறைச்சி’ வகைகள் பலவற்றில் முட்டை வெள்ளையோ பால் புரதமோ உண்டு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாறுவதென்று முடிவெடுத்தவர்கள் முதலில் மருத்துவரிடம் பி12 ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும். தொடங்கிய பிறகு ரத்தத்தில் அளவு உயர்ந்து, பழைய நிலை என்னவென்று தெரியாமல் போய்விடும்.