கினிகத்தேனையிலிருந்து வைத்தியசாலைக்கு

ஹட்டனிலிருந்து கொழும்பை நோக்கி இறங்கும் பெருந்தெருவிலே கினிகத்தேனை ஒரு சிறு பட்டினம். அங்கிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குச் செல்லலாம். கித்துல்கலை, அவிசாவளை வழியாக மகரகமைக்கும் செல்லலாம். சுற்றுப்புறத் தேயிலைத் தோட்டங்களில் புற்றுநோய் கண்டவர்க்கு இவ்விரண்டுமே சிகிச்சைக்குரிய வழிகள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையிலும் அரசாங்கம் கட்டணமின்றியே சிகிச்சை அளிக்கின்றது. அவ்வாறாயின் தருமம் செய்வோர்க்கு இங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும்.

சிகிச்சை இலவசம், சிகிச்சையைச் சென்றடைவது இலவசமன்று. கொழுந்து பறிக்கும் பெண் வைத்தியசாலைக்குப் போகும் நாளில் அவளுக்குப் பேர் போடப்படமாட்டாது. பேர் இல்லையேல் நாட்சம்பளமும் இல்லை. துணைக்கு வருபவர் தொழிலாளியாயின் அவர் பேரும் போய்விடும். இவற்றுடன் இருவருக்கும் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு. கதிர்வீச்சுச் சிகிச்சையோ பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் நடைபெறுவது. மலையிலிருந்து நாள்தோறும் போய்வருதல் ஆகாத காரியம். தங்குவதற்கு இடம் வேண்டும்.

இத்தடை எவ்வளவு பெரிதென்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. 1984ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அடிப்படைச் சுகாதார ஊழியர்கள் 34 பேர் சிறிது காலம் பயிற்சி பெற்று, ஓராண்டுக் காலத்தில் வீடுவீடாகச் சென்று, நாட்டுப்புறத்தவர் 28,295 பேரின் வாயைப் பரிசோதித்தனர். ஐயத்துக்கிடமான புண்ணோ படையோ காணப்பட்ட 1,220 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். சென்றவர்கள் பாதிப்பேருக்குச் சற்றே அதிகம், ஏனையோர் போகவேயில்லை. நோயை இனங்காண்பதில் ஊழியர்கள் பெரிதும் தவறவில்லை. வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலேதான் மனிதர் தவறிப்போயினர்.

தோட்டங்களில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் குளிருக்கும் களைப்புக்கும் துணையாக வழங்கிவருவன. புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது இன்று உறுதிப்பட்டுள்ளது. வாயிலே வெண்படையோ செம்படையோ தோன்றினாலும், மூன்று வாரமாகியும் புண் ஆறாதிருந்தாலும், காத்திராமல் காட்டிவிட வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் ஒரே நாளில் வருவதன்று. முன்மாற்றம் நோயாக முதிர்வதற்குப் பெரும்பாலும் ஆண்டுகள் பல செல்லும். 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் அந்த இடைக்காலத்தைப் பயன்படுத்துவதற்கென்றே அமைந்தவை. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் அங்கே பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். நோவு ஏதுமில்லாதபோது ஒரு நாட்சம்பளத்தை இழந்து போவதற்கு மனம் வருவது அரிது. அதைச் சோம்பல் என்று குறைகூறுவது நியாயமன்று.

தருமத்தால் பெருஞ்செயல்கள் நிகழ்ந்ததுண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மாதர் சங்கத்தின் துணையுடன் பொதுமக்களிடம் பணம் திரட்டி, 1954இல் அடையாற்றில் 12 கட்டில்களுடன் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கிவைத்தார். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாளில் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தனர். கட்டடமும் கருவியும் கண்ணுக்குத் தெரிவன. கொடுத்தவர் பெயரைக் கல்லிலே பொறிக்கவும் இடமுண்டு. பஸ் சீட்டிலே யாரும் பெயர் பொறிப்பதில்லை. அதனாற்போலும் அதற்குக் கொடுப்போர் குறைவு.

ஆயினும் கினிகத்தேனைப் பகுதிக்கு முதலில் வேண்டுவது அந்தச் சீட்டே. கோயிற் சபையோ வர்த்தகர் சங்கமோ சிறு நிதியொன்று வைத்து, மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்க்கும் துணைவருக்கும் போக்குவரத்துச் செலவையும் இழந்த சம்பளத்தையும் கொடுக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் பேசிப் பரிசோதனை நாளைத் தோட்டத்திலேயே நடத்துவிக்கலாம். அன்றைக்குப் பேர் போடும்படி தோட்டத்துரையைக் கேட்கலாம். இதற்குப் பணமே வேண்டியதில்லை. தமிழும் சிங்களமும் அறிந்த ஒருவர் நோயாளியுடன் சென்று, வைத்தியர் சொன்னதை வீட்டாருக்கு விளக்குவாராயின், அதுவும் நன்கொடையே. அனுப்பப்பட்டவர் பெயரையும் போகவேண்டிய தேதியையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்து, போகாதவரின் லயத்துக்கு மறுவாரமே ஒருவர் சென்று காரணம் கேட்க வேண்டும். பெயர் விவரம் வெளியே செல்லாமல் அந்தக் கொப்பியைப் பூட்டி வைப்பதும் அவரது பொறுப்பாகும்.