வெட்கத்தின் விலை உயிரா?

பல்வலி வந்தால் பக்கத்து வீடு வரை கேட்கக் கூவுகிறோம். காலில் முள் தைத்தால் கடைத்தெருவிலேயே உட்கார்ந்து காட்டுகிறோம். மார்பிலே ஒரு கட்டி என்றால் மட்டும் மாதர் வாய் திறக்கலாகாதாம்! கணவனிடம்கூடக் கூறலாகாதாம்! யார் போட்ட சட்டம் இது?

வலித்தாலாவது சொல்லி அழுவாள். தொடக்கத்தில் அந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனாலேயே, அடுப்பும் ஆலையும் ஓயட்டும் என்று நாளைத் தள்ளுகிறாள். நோயோ நாள் பார்ப்பதில்லை! 2022-இல் மட்டும் மார்பகப் புற்றுநோய்க்கு இந்தியாவில் இரையான பெண்கள் ஏறத்தாழ 98,000 பேர் என்பது மதிப்பீடு.

"சோதனைக்குப் பெரிய இயந்திரம் வேண்டும், ஏழைக்கு ஏது?" என்பார் சிலர். அவர்களுக்கு மும்பை விடை தந்திருக்கிறது. 1998-இல் டாட்டா நினைவு மருத்துவமனை, அந்நகரின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. ஒரு பாதியினருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்புச் சோதனை. மறுபாதியினருக்கு நோய் பற்றிய விளக்கம் மட்டும். சோதித்தவர் யார்? சீமையிலே படித்த நிபுணர்களா? இல்லை! பத்தாவது படித்துப் பயிற்சி பெற்ற பெண்கள்! கருவி? அவர்களது கைவிரல்கள்!

2021-இல் முடிவு வெளிவந்தது. சோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றுமுன்பே பிடிபட்டது. 50 வயதைத் தொட்டவர்களிலும் கடந்தவர்களிலும் இந்நோயால் நேரும் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

ஆனால், அழைத்தும் வராதவர்கள் அங்கே உண்டு. ஐயம் எழுந்து, மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்ற பிறகும் செல்லாதவர்கள் உண்டு. பெண்ணைப் பெண்ணே சோதித்தும் ஏன் இந்தத் தயக்கம்? அச்சம் ஒரு பக்கம், நாணம் ஒரு பக்கம். போய்வந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற கலக்கம் இன்னொரு பக்கம்!

30 வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனை செய்ய அரசுத் திட்டம் இருக்கிறது. எனினும், 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் சோதித்துக் கொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை!

தோழர்களே! கட்டியெல்லாம் புற்று அல்ல, பெரும்பாலானவை வேறு. அதைத் தீர்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், திண்ணைப் பேச்சல்ல. சங்கக் கூட்டத்துக்கு ஒருநாள் கூலியை இழக்கத் தயங்காத தோழர், துணைவியுடன் ஆரம்ப சுகாதார நிலையம் வரை நடக்கத் தயங்கலாமா? "நானும் வருகிறேன், வா" என்று சொல்லுங்கள். அவள் அச்சத்தில் பாதி அங்கேயே அகலும்!