கறையும் கோடும்

ஏடு தேடிப் பதிப்பித்த பெரியோரின் வரலாற்றை மாணாக்கருக்கு உரைக்குங்கால், அது முடிந்துபோன தொழில் என்றே நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்று என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் உணர்த்தினார்.

பழைய பத்திரிகைகளில் வந்த அரசியற் கேலிச்சித்திரங்களைக் கணினியிற் புதுக்குபவர் அவர். ஒரே படத்தை இரு நிலையிற் காட்டினார். முதலாவது பழுப்பேறிக் கறைபடிந்தது. மூட்டை சுமந்து கூனி நிற்கும் கிழவன் ஒருவனைக் காட்டுவது. மற்றது பாலிற் கழுவியதுபோல் விளங்கிற்று. வியந்தேன். ஆயினும் மீண்டும் நோக்கியபோது, முதற்படத்தில் மூட்டைமீது ‘வரி’ என்ற இரண்டெழுத்து மங்கலாய்த் தெரிந்தது. மற்றதில் அஃது இல்லை. புள்ளிகளைக் கறையென்று துடைத்த கருவி எழுத்தையும் துடைத்துவிட்டது. குடிகளின் துயரைச் சொன்ன படம் வெறுங் கிழவன் படமாயிற்று!

அவர் அடுத்து எடுக்கவிருப்பவையோ, பாரதியாரின் ‘இந்தியா’வில் வந்த சித்திரங்கள். 1906இல் சென்னையில் தோன்றி, 1908இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்து, 1910இல் நின்றுபோன அவ்வார இதழே தமிழிற் கேலிச்சித்திரத்திற்கு வழிதிறந்தது என்பர். அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்த அச்சித்திரங்களில் ஒரு கோடு மறையினும் ஒரு கருத்து மறையும்.

கறை நீக்கும் முறை எளிதே. படத்தின் செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று ஒளிக்கூறுகளையும் பிரித்து நோக்கின், செம்மைக்கூற்றிற் பழுப்புக்கறை வெளிறும். கரிய மை கருமை குன்றாது நிற்கும். இவ்வளவில் நிற்பது புதுக்கல். சிதைந்த முகத்திற்குக் கருவியைக் கொண்டு புதுமுகம் வரைவிப்பதோ இடைச்செருகல்.

1894இற் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சிதைந்த அடிகளைத் தாமே பாடி நிரப்பினாரல்லர், புள்ளியிட்டுக் காட்டினார். நிரப்ப அவருக்குப் புலமை இல்லாமலா? அந்த அடக்கமே இன்று அந்நூலை நாம் நம்பிக் கற்பதற்கு அடிப்படை. படம் புதுக்குவோர்க்கும் இதுவே நெறி.

“தம்பி, பழைய படம் இருக்கிறதல்லவா?” என்று அஞ்சிக் கேட்டேன்.

“இருக்கிறது, ஐயா. அதனை அழிக்கவில்லை” என்றார்.

அன்றே அமர்ந்து, முதற்படத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். இம்முறை கிழவன் மூட்டையில் அவ்விரண்டெழுத்தும் இருந்தன. அருகே சிறிது கறையும் இருந்தது. அக்கறை இருக்கட்டும் என்றேன்.