தூங்கியவரை எழுப்பி விரட்டினர்! 40 ஆண்டாக ஆறாத கிதார்காரர் கோபம்

அடி அண்ணாமலை,-

பவுர்ணமி இரவு. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் ஜனங்கள் நடந்த வண்ணம் இருக்கிறார்கள். ஆதி அண்ணாமலையார் கோவில் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் எல்லா ரகமும் கண்ணில் படும். காவி வேட்டி, மஞ்சள் புடவை, இங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கிவிட்ட வெள்ளைக்காரர்கள், ஊர் வாலிபர்கள்.

இந்தக் கூட்டத்தில் கறுப்பு பனியன் போட்ட பையன்களும் உண்டு. நெஞ்சில் மின்னல் வெட்டியது போல ஒரு எழுத்து இருக்கும். சிலருக்கு "மெட்டாலிக்கா", சிலருக்கு "மெகாடெத்". பனியன் வாங்கிய பையனைக் கேட்டால், "டிசைன் நல்லா இருந்துச்சு" என்பான்.

ஆனால் இந்த இரண்டு பனியனுக்கும் நடுவில் ஒரு பங்காளிச் சண்டையே இருக்கிறது. அண்ணன், தம்பி சொத்துத் தகராறு தோற்றுவிடும்!

அது பற்றிய விவரம் வருமாறு:-

"ஹெவி மெட்டல்" என்பது ஒரு வகை மேல்நாட்டு இசை. மின்சார கிதாரின் சத்தத்தை வேண்டுமென்றே கரகரக்க வைப்பார்கள். டிரம் அடி குதிரை ஓட்டம் மாதிரி இருக்கும். கூத்துக் கொட்டகையில் பம்பை, உடுக்கை, மிருதங்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் காதருகே வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

1981-ம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லார்ஸ் உல்ரிச் என்ற டிரம் வாலிபரும், ஜேம்ஸ் ஹெட்பீல்டு என்ற பாடகரும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதுதான் மெட்டாலிக்கா. கிதார் வாசிக்க ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். அதைப் பார்த்து வந்தவர் டேவ் மஸ்டெய்ன். செம்பட்டை முடி, முரட்டு சுபாவம். பரீட்சைக்கு முன் கிதாரைச் சுருதி சேர்த்து விரல்களைப் பழக்கிக் கொண்டிருந்தபோதே, "போதும், உனக்குத்தான் வேலை" என்று சொல்லிவிட்டார்களாம். அவ்வளவு வேகம் விரலில்!

நாய் தகராறு

கிதாரில் எவ்வளவு வேகமோ, குடியிலும் கோபத்திலும் அவ்வளவு வேகம். அந்த நாளில் கஞ்சா விற்று வந்ததை மஸ்டெய்னே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். சரக்கைக் காவல் காக்க நாய் வளர்த்தார்.

1982-ல் ஒரு நாள் ஒத்திகைக்கு நாயையும் கூட்டி வந்துவிட்டார். அது குழுவில் இருந்த ரான் மெக்கவ்னியின் கார் மீது காலைத் தூக்கி வைத்தது. ஹெட்பீல்டு நாயை உதைத்தார். உடனே மஸ்டெய்ன் அவர் வாயிலேயே ஒரு குத்து விட்டார். தடுக்க வந்த மெக்கவ்னிக்கும் அடி விழுந்தது. கைகலப்பு முற்றி, அன்றைக்கே "வெளியே போ" என்றார்கள். மறுநாள் வந்து கெஞ்சினார். சேர்த்துக் கொண்டார்கள்.

பாம்பு அடிபட்டுப் போனாலும் விஷம் போகாது என்பார்கள். இரு தரப்பிலும் அது தங்கிவிட்டது.

பிளேன் இல்லை, பஸ்!

1983-ம் ஆண்டு. முதல் இசைத்தட்டு போடும் வாய்ப்பு வந்தது. சாமான்களை ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டு கலிபோர்னியாவில் இருந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். கையில் காசு இல்லை. குயின்ஸ் பகுதியில் ஒரு கட்டடத்தில் தரையில்தான் படுக்கை.

ஏப்ரல் 11-ந் தேதி காலை. இரவு குடித்த மயக்கத்தில் கிடந்த மஸ்டெய்னைத் தட்டி எழுப்பினார்கள். எதிரே ஹெட்பீல்டு, உல்ரிச், கிளிப் பர்ட்டன் மூவரும் நின்றார்கள். "நீ குழுவில் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

எச்சரிக்கை கிடையாதா, இன்னொரு சந்தர்ப்பம் கிடையாதா என்று கேட்டார் மஸ்டெய்ன். கிடையாது என்று பதில் வந்தது. சரி, பிளேன் எத்தனை மணிக்கு என்றார். பிளேன் ஏது? கையில் பஸ் டிக்கெட்டைக் கொடுத்தார்கள். பஸ் புறப்பட ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அப்போது அவருக்கு வயது 21. விரட்டியவர்களில் இருவருக்கு 19!

அந்த பஸ் பயணம் நான்கு நாள். கிட்டத்தட்ட 4,500 கிலோ மீட்டர். திருவண்ணாமலையில் இருந்து காசிக்குப் போய்த் திரும்பி வருவதை விட அதிகம். பையில் பணம் இல்லாமல், ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் கறுவிக் கொண்டே போனார். பஸ்சில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தது. செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் அணு ஆயுதத்தை எதிர்த்து வெளியிட்டது. அதில் "மெகாடெத்" என்று ஒரு சொல் இருந்தது. அணுகுண்டுக் கணக்கில் 10 லட்சம் சாவு என்று அதற்கு அர்த்தம். இதுவே என் குழுவின் பெயர் என்று முடிவு கட்டினார். ஒரு எழுத்தை மட்டும் குறைத்துக் கொண்டார்.

அவர் இடத்துக்கு "எக்சோடஸ்" என்ற குழுவில் இருந்து கிர்க் ஹாமெட் என்பவர் வந்து உட்கார்ந்தார். மஸ்டெய்ன் போட்ட வாசிப்பை அடிப்படையாக வைத்தே அவர் வாசிக்க வேண்டியிருந்தது. வந்த மனிதர் மேல் என்ன தப்பு? ஆனாலும் பல வருஷம் அவரையும் விட்டு வைக்கவில்லை மஸ்டெய்ன்.

ஒரு மெட்டு, இரண்டு பாட்டு

என் பாட்டுகளைத் தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். யார் கேட்டது? 1983 ஜூலையில் வந்த முதல் இசைத்தட்டில் நான்கு பாட்டுகளில் மஸ்டெய்ன் பெயரும் இருந்தது. 1984-ல் வந்த "ரைடு தி லைட்னிங்" தட்டிலும் இரண்டு பாட்டில் அவர் பங்கு உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. "மெக்கானிக்ஸ்" என்று அவர் போட்ட மெட்டு ஒன்று. பெட்ரோல் பங்க் பையனைப் பற்றிய, சற்றுப் பச்சையான பாட்டு. மெட்டாலிக்கா அதன் வார்த்தைகளை மாற்றி, நடுவில் நிதானமான ஒரு பகுதியைச் சேர்த்து, "தி போர் ஹார்ஸ்மென்" என்று வெளியிட்டது. 1985-ல் மெகாடெத்தின் முதல் தட்டில் மஸ்டெய்ன் அதே மெட்டைப் பழைய வார்த்தைகளோடு, இன்னும் அசுர வேகத்தில் வாசித்துக் காட்டினார். இன்றைக்கும் கடையில் இரண்டும் கிடைக்கும்.

நம் பக்கத்துக் கூத்து ஜமாவில் இதெல்லாம் புதிதல்ல. வாத்தியாரோடு சண்டை போட்டுக் கொண்டு வேஷக்காரர் வெளியே போவார். அடுத்த பங்குனியில் அவரே ஒரு ஜமா கட்டி, அதே கர்ண மோட்சத்தைப் பக்கத்து ஊரில் ஆடுவார். பாட்டு யாருடையது என்று கேட்டு அங்கே யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. அமெரிக்காவில் பாட்டுக்குப் பெயர் போட்டால் பணம் வரும். அதனால் சண்டை ஓயாது. 1982-ல் பதிவு செய்த பழைய கேசட்டை 2015-ல் மெட்டாலிக்கா மறுபடி வெளியிட்டது. அதையே விரிவாகப் போடும் திட்டம் நின்று போனதற்கு, தான் எழுதிய பாட்டில் உல்ரிச் பங்கு கேட்டதே காரணம் என்று மஸ்டெய்ன் குற்றம் சாட்டினார்.

சாவுக்கும் சொல்லவில்லை

1986 செப்டம்பர் 27-ந் தேதி சுவீடன் நாட்டில் மெட்டாலிக்கா சென்ற பஸ் கவிழ்ந்தது. கிளிப் பர்ட்டன் நசுங்கி இறந்தார். வயது 24.

விரட்டிய மூவரில் ஒருவர்தான். ஆனாலும் கூடப் பழகியவர். அந்தச் செய்தி வேறு ஒருவர் சொல்லித்தான் மஸ்டெய்னுக்குத் தெரிந்தது. குழுவில் இருந்து யாரும் தகவல் சொல்லவில்லை. சாவுக்குச் சொல்லி அனுப்பாத உறவு என்ன உறவு என்று நம் ஊரில் கேட்பார்கள். அவருக்கும் அந்த வலி இருந்தது. அந்தத் துக்கத்தில் உட்கார்ந்து போட்ட இசைதான் 1988-ல் வந்த "இன் மை டார்க்கெஸ்ட் அவர்" என்று அவரே சொன்னார்.

இரண்டாம் இடம்

மெகாடெத் ஒன்றும் சோடை போகவில்லை. 1992-ல் வந்த அவர்கள் தட்டு அமெரிக்கப் பட்டியலில் 2-வது இடம் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் 20 லட்சம் விற்பனை. எந்த இசைக்காரனும் காலில் விழுந்து கும்பிட வேண்டிய வெற்றி.

ஆனால் 1991-ல் வந்த மெட்டாலிக்காவின் கறுப்பு அட்டைத் தட்டு, அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் போனது! லட்சாதிபதியின் பக்கத்து வீட்டில் கோடீசுவரர் குடியிருந்தால் லட்சாதிபதிக்குத் தூக்கம் வருமா?

2001 செப்டம்பரில் உல்ரிச்சும் மஸ்டெய்னும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். எதிரே கேமரா ஓடியது. நீங்கள் தொட்டதெல்லாம் பொன்னாகிறது, நான் தொட்டதெல்லாம் எனக்கே திருப்பி அடிக்கிறது என்று மஸ்டெய்ன் புலம்பினார். தெருவில் போனால் ஜனங்கள் "மெட்டாலிக்கா" என்று கத்திக் கேலி செய்கிறார்கள் என்றார். அன்றைக்கு எழுப்பி, குடியை விட வைத்தியம் பார் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றும் கேட்டார். எதிரே இருந்தவருக்குப் பேச்சே எழவில்லை. 2004-ல் வந்த படத்தில் இந்தக் காட்சி இடம் பெற்றது. போடக் கூடாது என்று மஸ்டெய்ன் தடுத்துப் பார்த்தும் நடக்கவில்லை. கோபம் இன்னும் ஏறியது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மெகாடெத்தில் சேர்ந்து வெளியே போனவர்கள் 20 பேருக்கு மேல்! ஆரம்ப காலத் தோழர் டேவிட் எல்லெப்சன், பங்கு தரவில்லை என்று 2004-ல் மஸ்டெய்ன் மீது வழக்கே போட்டார். வழக்கு தள்ளுபடி ஆனது. 2010-ல் திரும்பிச் சேர்ந்தவரை 2021-ல் மறுபடி வெளியே அனுப்பிவிட்டார்கள். மாமியார் கொடுமையில் வெந்த மருமகள், மாமியார் ஆனதும் என்ன செய்வாள் என்று தாய்மார்களைக் கேட்டால் தெரியும்.

பெங்களூரில் இரண்டும்

இங்கிருந்து சுமார் 200 கிலோ மீட்டரில் உள்ள பெங்களூருக்கு இரண்டு குழுவுமே வந்து போயின. 2008 மார்ச்சில் மெகாடெத். 2011 அக்டோபர் 30-ந் தேதி மெட்டாலிக்கா. அதற்கு இரண்டு நாள் முன்பு டெல்லி அருகே குர்கானில் மெட்டாலிக்கா நிகழ்ச்சி கடைசி நேரத்தில் நின்று போக, ரசிகர்கள் மேடையில் ஏறிச் சாமான்களை அடித்து நொறுக்கினார்கள். நிகழ்ச்சி நடத்தியவர்களை போலீசார் கைது செய்தனர்.

நம் இசைக்காரர்களும் பிரிந்திருக்கிறார்கள். எம்.எஸ்.விசுவநாதன்-ராமமூர்த்தி ஜோடி 1965-ல் பிரிந்து 1995-ல்தான் மறுபடி ஒரு படத்துக்குச் சேர்ந்தது. வாலிப வயதில் ஒரே கச்சேரிக் குழுவில் வாசித்த இளையராஜாவும் எஸ்.பி.பாலசுப்பிரமணியமும், 2017-ல் வக்கீல் நோட்டீஸ் வரை போனார்கள். 2019-ல் சென்னையில் ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த ஆண்டே பாலு மறைந்துவிட்டார். அந்த ஒரு மேடையாவது கிடைத்ததே!

மஸ்டெய்னுக்கும் அப்படி மேடை கிடைத்தது. 2010 ஜூன் 22-ந் தேதி பல்கேரியாவின் சோபியா நகரில் நான்கு பெரிய மெட்டல் குழுக்களும் கூடியபோது, 27 ஆண்டுக்குப் பிறகு மெட்டாலிக்காவோடு சேர்ந்து வாசித்தார். ஹெட்பீல்டைக் கட்டிக் கொண்டார். 2011 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த 30-ம் ஆண்டு விழாவிலும் பழைய பாட்டுகளை வாசித்தார்.

இதற்கு முன் 2009-ல் மெட்டாலிக்காவுக்குப் பெரிய கவுரவப் பட்டம் கொடுத்தார்கள். பட்டியலில் மஸ்டெய்ன் பெயர் இல்லை. வந்து கீழே உட்கார்ந்து பார்க்க மட்டும் அழைப்பு. அவர் போகவில்லை.

2017 பிப்ரவரியில் இன்னொரு கூத்து. 12-வது தடவையாகப் பெயர் அடிபட்டு, ஒருவழியாக மெகாடெத்துக்கு "கிராமி" பரிசு கிடைத்தது. மஸ்டெய்ன் எழுந்து மேடைக்கு நடந்தார். அரங்கத்து வாத்தியக் கோஷ்டி வரவேற்பு இசை வாசித்தது. என்ன பாட்டு தெரியுமா? மெட்டாலிக்காவின் "மாஸ்டர் ஆப் பப்பெட்ஸ்"! மெகாடெத் வாசிக்க வராவிட்டால் அவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று பிறகு கிண்டலாகச் சொன்னார்.

2019-ல் மஸ்டெய்னுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அப்போது ஹெட்பீல்டு நலம் விசாரித்துச் செய்தி அனுப்பினார். குணமாகி மறுபடி மேடை ஏறினார் மஸ்டெய்ன்.

2025-ல் அவர் ஓய்வு அறிவிப்பு வெளியிட்டார். ஒரு கடைசி இசைத்தட்டு, ஒரு கடைசிச் சுற்றுப்பயணம், அத்தோடு மெகாடெத் முடிந்தது என்றார். 2026 ஜனவரியில் அந்தத் தட்டு வெளிவந்தது. அதில் தன் பழைய குழுவின் பாட்டு ஒன்றையும் சேர்த்திருக்கிறார். 1984-ல் தன்னை விட்டுவிட்டு அவர்கள் பதிவு செய்த "ரைடு தி லைட்னிங்".