எதிரிக்கு ஆதரவு கேட்ட ஹாலஸ்

1956இல் அமெரிக்காவின் கிரீன் பே ஊர்க்காரர்கள் ஒரு வாக்கெடுப்பைச் சந்தித்தார்கள். புது ஸ்டேடியம் கட்ட நகராட்சி கடன் வாங்கலாமா, வேண்டாமா? ஆதரவு கேட்டு மேடையேறியவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஹாலஸ். உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸின் பரம எதிரி சிகாகோ பேர்ஸ். அதன் முதலாளி அவர். ஊர் சம்மதித்தது. மறுவருடம் செப்டம்பரில் அந்த ஸ்டேடியத்தின் முதல் ஆட்டத்திலேயே 21-17 என்று தோற்றது ஹாலஸின் அணிதான்!

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அன்று அணிகளின் பிழைப்பு டிக்கெட் வசூலில்தான் ஓடியது; வந்து ஆடும் அணிக்கும் அதில் பங்கு. எதிரி ஊரில் கூட்டம் சேர்ந்தால் தன் கல்லாவும் நிறையும். 1921இல் இந்த இரண்டு அணிகளும் முதன்முதலில் மோதியபோது சிகாகோ 20-0 என்று ஜெயித்தது. அந்தக் காலத்து அணிகளில் பெரும்பாலானவை சில வருடங்களிலேயே காணாமல் போயின; எதிரி நிலைத்திருப்பதும் தன் நன்மைக்கே. மைதானத்துக்குள் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. 1924இல் அடிதடிக்காக அணிக்கொருவரை வெளியே அனுப்பினார்கள்.

1961இல் வந்த ஒரு சட்டம், இந்த அணிகள் ஆடும் லீக் மொத்தமாகச் சேர்ந்து தொலைக்காட்சி உரிமையை விற்க வழி செய்தது. இன்று அந்தப் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் போகிறது. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பேயில் அந்த ஸ்டேடியம்தான் இன்று 81,000 இருக்கைகள் கொண்ட லாம்போ ஃபீல்டு. பேக்கர்ஸின் சொந்தக்காரர்கள் லாபப் பங்கு கேட்காத லட்சக்கணக்கான சிறு பங்குதாரர்கள். பேர்ஸோ இன்னும் ஹாலஸ் குடும்பத்தின் கையில்.

டிக்கெட் வசூலுக்காக எதிரியைத் தாங்கும் தேவை போனதும் மிஞ்சியது கிண்டல். 2021இல் சிகாகோவிலேயே டச்டவுன் அடித்த பேக்கர்ஸ் வீரர் ஆரன் ராட்ஜர்ஸ், இன்னும் உங்களுக்கு நான்தான் முதலாளி என்கிற தோரணையில் கேலரியைப் பார்த்துக் கத்தினார். மரியாதை இல்லைதான், ஆனால் கணக்கு அவர் பக்கம் இருந்தது. லீக் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற அணி என்று பேர்ஸ் நெடுங்காலம் வைத்திருந்த பெருமையையும் 2022 டிசம்பரில் பேக்கர்ஸ் பறித்துக்கொண்டது.

2024 நவம்பரில் சிகாகோ ஆட்டத்தின் கடைசி நொடியில் பேர்ஸின் கைரோ சாண்டோஸ் உதைத்த பந்தைப் பேக்கர்ஸ் தடுத்துவிட, 20-19. பேக்கர்ஸிடம் பேர்ஸுக்குத் தொடர்ந்து பதினொன்றாவது தோல்வி. அடுத்த ஜனவரியில் லாம்போ ஃபீல்டில் அதே சாண்டோஸ், அதே கடைசி நொடி, 51 யார்டு தூரம். இம்முறை பந்து உள்ளே போனது. 24-22. 5 வெற்றி, 12 தோல்வியோடு சீசனை முடித்த பேர்ஸுக்கு அந்த வெற்றியால் வேறு எந்த ஆதாயமும் இல்லை.